பாதி நீலம்

கண்ணாடித் தம்ளரைத் தோலின் மேல் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். சாதாரணத் தடிப்பு என்றால் கண்ணாடிக்கு அடியில் சிவப்பு மறையும். ரத்தம் கசிந்து உண்டான புள்ளி என்றால் மறையாது. அந்தப் பையனின் கணுக்காலில் நான் அழுத்தியபோது ஒரு புள்ளிகூட மறையவில்லை.

அப்போது நான் ஹவுஸ் சர்ஜன். இரவு டியூட்டி. அவனுக்கு 19 வயது. காலையில் காய்ச்சல், மதியம் வாந்தி, சாயங்காலம் விடுதி அறை நண்பன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். புள்ளிகள் பரவுகின்றனவா என்று தெரிய, அவற்றைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வைக்கச் சொன்னார் சீனியர். போட்டேன். அரை மணி கழித்து வந்து பார்த்தால் கோட்டைத் தாண்டியிருந்தன. மறுபடி ஒரு கோடு. அப்புறம் இன்னொன்று. விடியும்போது அவன் தொடையில் மூன்று கோடுகள், ஒன்றைச் சுற்றி ஒன்றாக. புள்ளிகள் கருஞ்சிவப்புத் திட்டுகளாகியிருந்தன. அவன் வந்த உடனேயே ஆன்டிபயாட்டிக் ஏற்றியாயிற்று. ரத்த அழுத்தம் கடைசிவரை ஏறவே இல்லை. உள்ளே வந்த 11 மணி நேரத்தில் இறந்துபோனான்.

மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியா. கூட இருந்தவர்களுக்கெல்லாம் தடுப்பு மாத்திரை கொடுத்தோம். கொடுக்கும் முன் நண்பனின் தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்திருந்தோம். இரண்டு நாளில் அதிலும் அதே கிருமி வளர்ந்தது. அவனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. இறந்தவனின் பையையும் செருப்பையும் வாங்கிப் போக அந்த நண்பன் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "ஒரே ரூம், ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சோம் மேடம். எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

"தெரியலப்பா" என்றேன். மெனிங்கோகாக்கஸ் ஏறக்குறைய பத்தில் ஒருவர் தொண்டையில் சும்மா குடியிருக்கும் என்பது தெரியும். ஆனால் அவன் கேட்டது அதுவல்ல. அடுத்த முப்பது வருடம் நான் செய்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அந்த நண்பனுக்குச் சொல்ல ஒரு பதில் தேடியதுதான் என்று தோன்றுகிறது.

மருத்துவக் கல்லூரியில் தொற்றுநோயைக் கிருமியின் கதையாகத்தான் படித்தோம். 1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார், அதற்கப்புறம் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி, ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு மருந்து. அந்தப் பாடத்தில் ஒரு கோமாளியும் வருவார். பெயர் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர். கிருமி மட்டும் காலராவை உண்டாக்கிவிடாது என்று காக்கோடு சண்டை பிடித்தவர். 1892இல், எழுபதைத் தாண்டிய வயதில், வயிற்று அமிலத்தைச் சோடா உப்பால் அடக்கிவிட்டுக் காலராக் கிருமி வளர்த்த திரவத்தைக் குடித்தார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்தார். வகுப்பில் எல்லோரும் சிரிப்போம். அவருடைய சீடர் எம்மெரிக்கும் குடித்தார், அவருக்கு நோய் கடுமையாகவே வந்தது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. ஒரே கிருமி, இரண்டு பேர், இரண்டு முடிவு. பெட்டன்கோஃபர் சொன்ன விடை தப்பு. கேள்வி தப்பில்லை.

இதைவிடக் கொடுமையான சாட்சி ஒன்று உண்டு. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் பச்சைக் குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுத்த பிசிஜி தடுப்பு மருந்தில், ஆய்வகத்தில் நடந்த தவறால் உயிருள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. 250க்கும் அதிகமான குழந்தைகள். 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆனால் பெரும்பாலான குழந்தைகள், அந்தப் பிஞ்சு உடம்போடு, பிழைத்துக்கொண்டார்கள். கிருமி கலந்த அளவு புட்டிக்குப் புட்டி வேறுபட்டிருக்கிறது, அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். இருந்தாலும் அந்தப் பட்டியலைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காசநோய்க் கிருமி தொற்றியவர்கள் உலகில் கால்வாசிப் பேர். அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர்தான். மற்றவர்கள் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

எம்.டி. முடித்ததும் ஆய்வகத்துக்குப் போனேன். மருத்துவரும் ஆய்வாளருமாக இருப்பது என்பது மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்ற கதைதான். வார்டில் "அவங்க லேப் ஆளு" என்பார்கள். லேபில் "டாக்டருக்குப் பிபெட் பிடிக்கத் தெரியாது" என்பார்கள். இரண்டாவது உண்மை. முதல் ஆறு மாதம் நான் வளர்த்த செல்களில் பாதி பூஞ்சை பிடித்தே செத்தன. 1979லேயே அமெரிக்காவில் ஜேம்ஸ் வின்கார்டன் என்பவர் இந்த வர்க்கத்தை அழிந்துவரும் உயிரினம் என்று எழுதிவிட்டார். அதற்கப்புறமும் எங்களைப் போல ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறோம். சம்பளத்தைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு வேறு திசைக்குப் போய்விடும், விடுங்கள்.

நான் பிடித்துக்கொண்ட பொருள் எண்டோடாக்சின். மெனிங்கோகாக்கஸ், ஈ கோலை, டைஃபாய்டு கிருமி போன்ற ஒரு பெரிய வகை பாக்டீரியாக்களின் வெளியுறையில் இருக்கும், சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த மூலக்கூறு. காக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஃபைஃபர், செத்த காலராக் கிருமிகூட விலங்கைக் கொல்கிறது என்று 1892இல் கவனித்து, உள்நஞ்சு என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார். பெயர்தான் நஞ்சு. உண்மையில் இது நஞ்சு மாதிரி வேலை செய்வதில்லை. எந்தச் செல்லையும் ஓட்டை போடாது, எந்த நொதியையும் முடக்காது. நம் உடம்பு அதைக் கண்டதும் போடுகிற கூச்சல்தான் எல்லாமே.

கூச்சல் எவ்வளவு என்று பாருங்கள். ஆரோக்கியமான தன்னார்வலருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இரண்டு முதல் நான்கு நானோகிராம் ஏற்றினால் போதும், ஒன்றரை மணி நேரத்தில் பல் தந்தியடிக்கும் குளிர், காய்ச்சல், தலைவலி. ஒரு கிராமைப் பத்துக் கோடித் துண்டாக்கி, அதில் முப்பது துண்டுகூடத் தேவையில்லை ஒரு ஆளைப் படுக்க வைக்க. எலிக்கோ இதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு கொடுத்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். 1993இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், தன் கட்டியைத் தானே குணப்படுத்த நினைத்த ஓர் ஆய்வகப் பணியாளர் ஒரு மில்லிகிராம் எண்டோடாக்சினை ஊசியில் ஏற்றிக்கொண்ட கதை இருக்கிறது. ரத்த அழுத்தம் விழுந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தடுமாறி, மயிரிழையில் பிழைத்தார். அவர் உடம்பில் உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை.

எலிகளிலும் ஒரு விசித்திரம் உண்டு. சி3ஹெச்/ஹெச்இஜே என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட எலி வகைக்கு எண்டோடாக்சின் எவ்வளவு கொடுத்தாலும் ஒன்றும் செய்யாது. அதிர்ஷ்டசாலி எலி என்று நினைப்பீர்கள். அதே எலிக்கு எலி டைஃபாய்டை உண்டாக்கும் சால்மனெல்லாவைக் கொஞ்சமே கொடுத்தாலும் செத்துவிடும். கூச்சல் போடாதவனுக்குத் திருடன் வந்ததே தெரியாது. இதற்குக் காரணமான மரபணுவைத் தேடி ப்ரூஸ் பாய்ட்லரின் குழு பல வருடம் செலவழித்து 1998இல் கண்டுபிடித்தது: டிஎல்ஆர்4. எண்டோடாக்சினை உணர்ந்து அலாரம் அடிக்கும் புரதத்தின் மரபணு. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, புரதத்தில் 712ஆம் இடத்தில் ப்ரோலின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் உட்கார்ந்திருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1996இல், ஜூல் ஹாஃப்மனின் குழு இதே குடும்பத்தைச் சேர்ந்த டோல் என்ற மரபணு இல்லாத பழ ஈக்களைப் பூஞ்சை தின்றுவிடுகிறது என்று காட்டியிருந்தது. ஈயும் மனிதனும் ஒரே மாதிரி அலாரத்தை வைத்திருக்கிறார்கள். 2011இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. பாய்ட்லரின் கட்டுரை எங்கள் லேபுக்கு ஃபோட்டோகாப்பியாக வந்த அன்று யாரும் வேலை செய்யவில்லை.

அந்த உற்சாகத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன். இதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஒரு பாக்டீரியாப் புரதத்தை ஈ கோலைக்குள் தயாரித்து, சுத்தப்படுத்தி, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களின் மேல் ஊற்றினேன். டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அளவைக் கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. வரைபடம் அவ்வளவு அழகு. இரண்டு வருடம் அதன் மேலேயே வீடு கட்டினேன். ஒரு மாநாட்டில் போஸ்டரும் வைத்தேன். ஒருநாள் லேப் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்திருந்த முதலாம் ஆண்டு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மேடம், இதைக் கொதிக்க வச்சுப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. புரதத்தைக் கொதிக்க வைத்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டு வேலைக்கு உதவாமல் போகும். எண்டோடாக்சின் கொதித்தாலும் அசையாது. அன்று மதியமே வெந்நீரில் வைத்து எடுத்து ஊற்றினோம். மறுநாள் காலை எண்கள் வந்தன. கொதிக்காததும் கொதித்ததும் ஒன்றுபோலவே. என் புரதம் எதுவும் செய்யவில்லை. அதைத் தயாரித்த ஈ கோலையின் உறை துளித்துளியாக ஒட்டிக்கொண்டு வந்து எல்லா வேலையையும் செய்திருக்கிறது. எந்தப் பொருளை ஆராய்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேனோ அதே பொருள் என் புட்டிக்குள் இருந்ததை நான் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் இந்தத் துறையில் வேறு பலரும் இதே பள்ளத்தில் விழுந்தார்கள் என்பது ஆறுதலா என்றால், இல்லை.

சரி, வார்டுக்கு வருவோம். தொண்ணூறுகளில் எங்கள் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை: ஆளைக் கொல்வது கிருமியல்ல, உடம்பின் பதில். ஆகவே பதிலை அடக்கினால் ஆள் பிழைப்பான். எலியில் அருமையாக வேலை செய்தது. எண்டோடாக்சினைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்று 1991இல் பெரிய நம்பிக்கையோடு வந்தது, 1993இல் கைவிடப்பட்டது. டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்துகள் செப்சிஸ் (தொற்றுக்கு உடம்பு கொடுக்கும் பதிலே உறுப்புகளைக் கெடுக்கும் நிலை) சோதனைகளில் வரிசையாகத் தோற்றன. 2001இல் அனுமதி பெற்ற ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி என்ற செப்சிஸ் மருந்து 2011இல் சந்தையிலிருந்தே போயிற்று. டிஎல்ஆர்4ஐயே அடைக்கும் எரிடோரான், எலிக்கூண்டில் நாங்கள் கண்ட கனவின் நேரடி வாரிசு, அதுவும் தோற்றது என்ற ஆய்வு முடிவு 2013இல் வெளியானது.

அப்படி ஒரு சோதனையில் எங்கள் ஐசியூவும் ஒரு மையமாக இருந்தது. இரவு இரண்டு மணிக்கு உறவினர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கியது நான்தான். ஏன் தோற்றோம் என்று இப்போது சொல்வது சுலபம். எலிக்குக் கிருமி கொடுக்கும் முன்பே, அல்லது கொடுத்த கையோடு, மருந்தைக் கொடுத்தோம். மனிதன் வருவது இரண்டு நாள் வீட்டில் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு. எலிகள் எல்லாம் ஒரே வயது, ஒரே மரபணு. மனிதர்களில் ஒருவருக்கு 76 வயது, சர்க்கரை, சிறுநீரில் தொற்று. இன்னொருவருக்கு 24 வயது, நுரையீரலில் தொற்று. இருவருக்கும் செப்சிஸ் என்று ஒரே பெயரை நாங்கள் வைத்தோம் என்பதற்காக நோய் ஒன்றாகிவிடுமா? அந்தப் பெயருக்குள் 2017இல் மட்டும் உலகில் 4 கோடியே 89 லட்சம் பேரும், 1 கோடியே 10 லட்சம் மரணங்களும் அடங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

செப்சிஸில் தோற்ற அதே டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் முடக்குவாதத்தில் அபாரமாக வேலை செய்தன. கையை மடக்க முடியாதவர்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் சிலருக்கு, வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த காசநோய் எழுந்து வந்தது. கிருமியைச் சுற்றி உடம்பு கட்டிய மதில் இடிந்துவிடாமல் நிற்க டிஎன்எஃப் வேண்டும். நாங்கள் வில்லன் என்று எழுதிவைத்த ஆள், இன்னொரு தெருவில் காவல்காரன்.

அதனால்தான் யாராவது "எதிர்ப்பு சக்தி கூட என்ன டாக்டர் சாப்பிடணும்?" என்று கேட்டால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. எதைக் கூட்ட? எங்கே? எந்த மணி நேரத்தில்?

மணி நேரம் என்று சொன்னது சும்மா இல்லை. நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலில் டெக்ஸாமெத்தசோன் என்ற சாதாரண ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றுகிறது. 2002இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், நியூமோகாக்கஸும் மற்ற பாக்டீரியாக்களும் சேர்த்து, மூளைக்காய்ச்சல் வந்த பெரியவர்கள் 301 பேர். ஸ்டீராய்டு பெற்றவர்களில் 7 சதவீதம் இறந்தார்கள், பெறாதவர்களில் 15 சதவீதம். அதை ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோசுக்குச் சற்று முன்போ கூடவோ கொடுக்க வேண்டும். கிருமி உடைந்து அதன் சரக்கெல்லாம் மூளை உறைக்குள் சிதறும் முன் அலாரத்தின் ஒலியைக் குறைத்துவிட வேண்டும். ஸ்டீராய்டு என்றாலே பதறி, அதை முதலில் எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி.

உடம்பின் பதில்தான் எல்லாம் என்ற கட்சியிலும் இப்போது நான் இல்லை. நார்வேயில் ப்ரான்ட்சாக் என்ற மருத்துவரின் குழு மெனிங்கோகாக்கஸ் நோயாளிகளின் ரத்தத்தில் எண்டோடாக்சினை அளந்தது. அளவு கூடக்கூட மரணமும் கூடியது. ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் அளவு சரசரவென்று இறங்கியது. கூச்சல் பெரிதாக இருந்தது, திருடர்கள் ஏராளமாக இருந்ததால். தொடையில் மூன்று கோடு போட்ட என் பையன் எங்கே தோற்றான்? தொண்டையிலிருந்து ரத்தத்துக்குள் கிருமி நுழைந்த முதல் சில மணி நேரத்திலேயே தோற்றிருக்கலாம். ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் மெனிங்கோகாக்கஸை ஓட்டை போட்டுக் கொல்ல வேண்டும். அதில் ப்ரோபர்டின் என்ற ஒன்று பிறவியிலேயே இல்லாத ஆண்களுக்கு இந்த நோய் இப்படித்தான், மின்னல் வேகத்தில் வரும். நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு சோதனைக்குழாய் ரத்தத்தை எடுத்து வைக்கக்கூட அன்று தோன்றவில்லை.

அதற்கப்புறம் எடுத்து வைக்காமல் விட்டதில்லை. தொற்று எல்லோருக்கும்தான் எப்போதாவது வரும். யாருக்கு, எந்தக் கிருமி, எத்தனை முறை என்று பார்க்கப் பழகினேன். ஐராக்4 என்ற புரதம் இல்லாத குழந்தைகள் உண்டு. டிஎல்ஆர்களில் ஏறக்குறைய எல்லாவற்றின் அலாரக் கம்பியும் அந்தப் புரதத்தின் வழியாகத்தான் போகிறது. கம்பியே அறுந்த குழந்தைக்கு உலகத்துக் கிருமியெல்லாம் வந்துவிட வேண்டாமா? வருவதில்லை. முக்கியமாக நியூமோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ், அவ்வளவுதான். மூளைக்காய்ச்சல் முற்றிய பிறகும் ஜுரம் பெரிதாக ஏறாது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதமும் ஏறாது. பதின்ம வயதைத் தாண்டினால் தொற்றுகள் குறைந்துவிடுகின்றன. பாடப்புத்தகத்தில் படம் போட்டால் இப்படி வராது.

ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவன் ஒரு ஏழு வயதுப் பையன். கழுத்தில் கட்டி, அறுத்துச் சீழ் எடுத்தார்கள். அக்குளில் கட்டி, அறுத்தார்கள். எங்களிடம் வந்தபோது கல்லீரலில் கட்டி, வளர்ந்தது ஸ்டெஃபிலோகாக்கஸ். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை கைநிறைய இருந்தது. அறுத்த தழும்புகளை எண்ணினேன், ஐந்து. கல்லீரலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கட்டி என்றால் ஒரு பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

பழைய முறை அது, 1968இல் வந்தது. இப்போது இதைவிடத் துல்லியமான இயந்திரமுறை இருக்கிறது. ஆனாலும் நான் ஸ்லைடையும் பார்ப்பேன். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் விட்டு, உடல் சூட்டில் வைத்தால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். சிவப்பணுக்களைக் கழுவிவிடலாம். மேலே என்பிடி என்ற வெளிர்மஞ்சள் சாயத்தை, செல்களைச் சீண்டும் பொருளோடு சேர்த்து ஊற்ற வேண்டும். சீண்டப்பட்ட செல் ஆக்சிஜனை எரித்துக் கிருமியைக் கொல்லும் ரசாயனம் தயாரிக்கும். அது மஞ்சளைக் கருநீலப் பொடியாக மாற்றிவிடும். இருபது முப்பது நிமிடத்தில் செல்கள் மை கொட்டியது மாதிரி ஆகிவிடும்.

பையனின் ஸ்லைடில் ஒரு செல்கூட நீலமாகவில்லை. 1882இல் மெச்னிகாஃப் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் முள்ளைக் குத்தி, அதை நகரும் செல்கள் மொய்ப்பதைப் பார்த்தாரே, அந்தச் செல்கள் இவனிடமும் இருக்கின்றன. ஓடுகின்றன, கிருமியை விழுங்குகின்றன. கொல்ல முடியவில்லை. இந்த நோய்க்கு நாட்பட்ட கிரானுலோமா நோய் என்று பெயர். இதில் சில கிருமிகள் மட்டும் வருவதற்கு, அவை கேட்டலேஸ் என்ற நொதி வைத்திருப்பதுதான் காரணம் என்று நான் பல வருடம் பாடம் எடுத்தேன், அவ்வளவு அழகான விளக்கம். பிறகு கேட்டலேஸ் இல்லாத ஸ்டெஃபிலோகாக்கஸும் நோயுள்ள எலிகளைக் கொல்கிறது என்று வந்தது. அழகான விளக்கங்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கொதிக்க வைக்கத்தான் தோன்றுகிறது.

பெரும்பாலும் இது எக்ஸ் குரோமோசோம் வழியாக அம்மாவிடமிருந்து பையனுக்கு வரும். அம்மாவின் ரத்தத்தையும் எடுத்தோம். விஷயத்தை விளக்கியபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ என்னாலதானா?" இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் பாடம் எடுத்ததில்லை. நான் ஏதோ உளறினேன். அவர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். அப்புறம், அதுவரை எந்த நோயாளியின் உறவினருக்கும் செய்யாத ஒன்றைச் செய்தேன். "வாங்க, காட்டறேன்" என்று மைக்ரோஸ்கோப் அறைக்குக் கூட்டிப் போனேன்.

முதலில் பையனுடைய ஸ்லைடு. வெளிறிய செல்கள். அப்புறம் அவருடையது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வொரு செல்லும் ஒன்றை மூடிவைத்துவிட்டு மற்றொன்றை வைத்துப் பிழைப்பு நடத்தும். எது மூடும் என்பது அந்தந்தச் செல்லின் சீட்டுக் குலுக்கல். அதனால் அவர் ஸ்லைடில் ஒன்று கருநீலம், பக்கத்திலேயே ஒன்று வெறும் வெளிறல், அப்புறம் இரண்டு நீலம், மறுபடி வெளிறல். நெடுநேரம் பார்த்தார். ஃபோகஸ் திருகை எப்படித் திருப்ப வேண்டும் என்று அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

"நீலமா இருக்கறது வேலை செய்யுதா டாக்டரம்மா?"

"செய்யுது."

"இந்த வெள்ளையா இருக்கறது?"

"அது செய்யாது. பையனுக்கு இருக்கறது எல்லாம் அதுதான்."

கண்ணை எடுக்காமலே கொஞ்ச நேரம் இருந்தார். வாய் அசைந்தது, எண்ணினார் என்று நினைக்கிறேன்.

"பாதிக்குப் பாதிதான் இருக்கு. எனக்கு ஒரு கட்டிகூட வந்ததில்லையே."

ஆமாம் என்றேன். ஐந்தில் ஒரு பங்கு நீலம் இருந்தாலே பொதுவாகத் தொற்றுகள் நெருங்குவதில்லை என்று சொன்னேன்.

"அப்போ முழுசா வேண்டாம். பாதி போதும். அந்தப் பாதியை யார்கிட்டயாவது வாங்கி அவனுக்கு வைக்க முடியாதா?"

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை விளக்க நான் எப்போதும் ஒரு படம் வரைவேன். அன்று வரையவில்லை. உடன்பிறந்தவர்களில் பொருந்துகிற ஆள் கிடைத்தால் செய்யலாம், பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு, ஆபத்தும் உண்டு என்று மட்டும் சொன்னேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அவனுக்கு ஒரு அக்கா இருக்கா. வெளியதான் உக்காந்திருக்கா. கூப்பிடட்டுமா?"